ஒரு போன் போட்டால் முடிந்தது

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் அம்மா, அப்பா, அக்கா, நான், ஆயர் தாவாரிலிருந்து வந்திருந்த சித்தப்பா. இல்லாதவர் ஒருவர்தான்: அக்கா கட்டிக்கொள்ள விரும்பியவர். நில அளவை வேலையாக அவர் கிரிக் ஊருக்கு அப்பால் காட்டுக்குள் இருந்தார். அங்கே கைப்பேசிக்கு லைன் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். மேட்டில் ஏறிக் கையைத் தூக்கி நின்றால் கிடைக்கலாம். அவர் மட்டும் அன்று எங்களோடு அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தால் எனக்கு எழுத எதுவும் இருந்திருக்காது.

தொலைக்காட்சியில் மலேசியத் தமிழ் நகைச்சுவைத் தொடர் ஒன்றின் மறுஒளிபரப்பு. வாராவாரம் பார்ப்போம், வாராவாரம் அதைப் பற்றிச் சண்டை போடுவோம். அன்றைய கதை இது. வீட்டுக்காரம்மா போனில் யாரிடமோ, "வயசாயிருச்சு, இனிமே வெச்சிருந்து பிரயோசனம் இல்ல, வெட்டிருங்க" என்கிறார். அவர் சொல்வது கொல்லையில் நிற்கும் ரம்புத்தான் மரத்தை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட கணவர் தன்னைத்தான் என்று நினைத்து, தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு சாமான் அறையில் ஒளிந்துகொள்கிறார். அரை மணி நேரத் தொடரில் முக்கால்வாசி அண்டாவுக்குள்ளேயே போய்விடுகிறது.

"ஒரு போன் போட்டா முடிஞ்சது," என்றேன் நான். "போன்கூட வேணாம். பொண்டாட்டி பக்கத்து ரூம்லதான் இருக்கா. 'யார வெட்டப் போற?'ன்னு ஒரு வார்த்த கேட்டா பத்து நிமிசத்துல கத முடிஞ்சிரும்."

"பத்து நிமிசத்துல முடிஞ்சா மிச்ச நேரம் நான் என்னா செய்யறது? நீ எந்திரிச்சு ஆடுவியா?" என்றார் அப்பா.

"யதார்த்தமா இல்லப்பா."

"யதார்த்தம் வேணும்னா டிவிய அடச்சிட்டு சும்மா உக்காந்தா போதும்லா. அதே நானு, அதே வீடு. கரண்டு பில்லும் மிச்சம்."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அங்கிருந்து ஒரு சான்றிதழும் 'யதார்த்தம்' என்ற சொல்லும் கொண்டுவந்தேன். சான்றிதழை அம்மா சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். சொல்லை மாட்டுவதற்கு இடமில்லாததால் நான் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பார்ப்பதன் மேலெல்லாம் சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. "யதார்த்தத்துக்குச் சோறு போடவா?" என்று அம்மா கேட்பார்.

அம்மா ஒரு பள்ளிக்கூடக் கெண்டீனில் சமைக்கிறவர். அவருடைய கட்சி வேறு. மனிதர்கள் எப்படி வேண்டுமானாலும் பைத்தியமாக இருக்கட்டும், அடுப்படி மட்டும் உண்மையாக இருக்கவேண்டும். "பாரு, மீன் பொரிக்குது அந்தம்மா. ஒரு சொட்டு தெறிக்கல. கழுவாத சட்டி ஒண்ணு கண்ணுல படல. இது வீடா, கடையில வெச்ச சாமானா?" அக்கா ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். அவருக்குக் கோபம் அந்தக் கணவரின் கண்ணாடிமேல். "பவரே இல்லாத கண்ணாடிடா. அந்தத் தடிப்புக்குக் கண்ணு உள்ள சின்னதாத் தெரியணும்." சித்தப்பாவுக்குக் கட்சியே கிடையாது. "பக்கத்து வீட்டுக்காரன் கதவு தட்டாம வர்றான், நேராப் போய் ஐஸ்பெட்டியத் தொறக்கறான். எந்த ஊர்ல அப்படிச் செய்வாங்க?" என்று நான் அடுத்த குற்றச்சாட்டை எடுத்தபோது, பதில் எங்கள் குளிர்பெட்டிக்குள்ளிருந்து வந்தது: "அண்ணி, நேத்து வெச்ச கெழங்கான் மீன் கொழம்பு இருக்குன்னீங்களே, எங்க?"

அப்போதுதான் அம்மாவின் கைப்பேசியில் அந்தக் குரல் பதிவு வந்து விழுந்தது. அனுப்பியவர் அக்கா விரும்பியவரின் அம்மா. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்தார்.

அந்தக் குரலுக்காக எங்கள் வீடு எவ்வளவு காத்திருந்தது என்பதைச் சொல்லவேண்டும். நாங்கள் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். ரப்பர் பால் மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது, லயத்து வீட்டை விட்டு, ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் உள்ள இந்த வரிசை வீட்டுக்கு வந்தவர்கள். அப்பா ஓடு ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அக்கா விரும்பியவர் வீட்டாரோ யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம்; அவருடைய அப்பா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா ஆசிரியையாக இருந்தவர். "நம்ம தாத்தா பால் மரம் வெட்டினாரு. அவங்க தாத்தா ஆபீசுல உக்காந்து நம்ம தாத்தா வேலைக்கு வந்தாரான்னு பேர் போட்டாரு," என்று அப்பா ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒரே கண்ணாடியின் மூக்குப் பட்டையைச் சரிசெய்யத் திரும்பத் திரும்பக் கடைக்கு வந்து அக்காவைப் பிடித்தவர் அவர்கள் மகன். இரண்டு வருடம் கழித்துப் பெற்றோரை அழைத்துவந்தார். வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், அதிகம் பேசவில்லை, பிறகு சொல்கிறோம் என்று போனார்கள். அந்தப் 'பிறகு' இப்போது அம்மாவின் உள்ளங்கையில் இருந்தது.

அம்மா அழுத்தினார். நிதானமான, தெளிவான குரல்.

"வணக்கம் தங்கச்சி. நாங்கள் வாற சனிக்கிழமை பின்னேரம் உங்கட வீட்ட வாறம். எல்லாத்தையும் ஆறுதலாக் கதைப்பம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். பிள்ளையிட்டையும் சொல்லுங்கோ, யோசிக்க வேண்டாமெண்டு. சாப்பாடு ஒண்டும் செய்து மினக்கெடாதேங்கோ. அப்ப வைக்கிறன்."

திரையில் அண்டாக்காரர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

"கதைப்பம்னா?" என்றார் அப்பா.

"பேசலாம்னு அர்த்தம்," என்றார் அக்கா. அவருக்குத் தெரிந்த யாழ்ப்பாணத் தமிழ் அவ்வளவுதான். அவர் நேசித்தவர் அக்காவிடம் பேசுவது எங்கள் எல்லாரையும் போலப் பாதித் தமிழும் பாதி மலாயும் கடைசியில் ஒரு 'லா'வும் போட்டுத்தான்.

"ஆறுதலா எதுக்குப் பேசணும்?" அம்மாவின் முகம் மாறிவிட்டது. "செத்த வீட்டுலதான் ஆறுதலாப் பேசுவாங்க."

"யோசிக்க வேண்டாமாம்," என்றார் அப்பா மெதுவாக. "அதாவது, இனிமே அந்த யோசனையே வேணாமாம்."

"சாப்பாடும் வேணாமாம் அண்ணே," என்று குளிர்பெட்டியிலிருந்து தலையை வெளியே எடுத்தார் சித்தப்பா. "கை நனைக்க மாட்டாங்களாம்."

அதுதான் இடி. சம்பந்தம் பேசப் போன வீட்டில் ஒத்துவராது என்று தெரிந்தால் கை நனைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நானோ ஒரு படி மேலே போனேன். கைப்பேசியில் அகராதியைத் திறந்து உரக்கப் படித்தேன்: "ஆறுதல்னா தேற்றம், துயர் தணிப்பு, மன அமைதி."

"டேய், வாய மூடு," என்றார் அக்கா.

மூடியிருக்கலாம். "எதுக்குக் கவலப்படணும்? ஒரு போன் போட்டு என்னான்னு கேட்டா முடிஞ்சது," என்று திரும்பவும் சொன்னேன். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். முன்பு அண்டாக்காரருக்கு நான் இதே யோசனையைச் சொன்னபோது யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

"என்னான்னு கேக்கறது?" என்றார் அம்மா. "'நீங்க எங்க பொண்ண வேணாம்னு சொல்லத்தான் வாரீங்களா?'ன்னா? பொண்ண பெத்தவ போன் போட்டுக் கேக்கற கேள்வியா அது?"

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், அது ஒரு போனில் கேட்கக்கூடிய கேள்வியாகவே இல்லை. அம்மா கடைசியில், "சரிங்க, வாங்க" என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

அக்கா காட்டுக்குச் செய்தி போட்டார்: 'உங்கம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? நீங்களும் அதே முடிவா?' செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் பதில் இறங்கியது. 'தெரியும்லா. நானும் அதே முடிவுதான். சனிக்கிழமை அம்மா நேர்ல சொல்லுவாங்க. சாரி, இங்க லைன் இல்ல.' அதன் பிறகு அக்கா அனுப்பிய எதற்கும், அனுப்பியாயிற்று என்ற ஒற்றைக் குறிக்கு மேல் விழவில்லை.

ஒரு தொடரில் இப்படி ஒரு பதில் வந்திருந்தால், எழுதியவருக்குச் சோம்பேறித்தனம் என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். என்ன முடிவு என்று எழுத ஒரு சொல் போதும். எந்த மனிதன் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதுவான்?

அந்த வாரம் வீடு விசித்திரமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்களுக்காக அம்மா திரைச்சீலைகளைத் துவைத்தார். அப்பா கதவுக்குச் சாயம் அடித்தார். நான் பொறுக்கமுடியாமல் ஒரு நாள், வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் போனேன்.

"நான் வேணா போன் போட்டு அவங்கம்மாகிட்ட கேக்கவா? நான் சின்னப் பையன், கேட்டா தப்பில்ல."

"கேட்டா சொல்லிருவாங்கடா."

"அதுக்குத்தானே கேக்கறது?"

அக்கா ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தார். "சனிக்கெழம வரைக்கும் எனக்குக் கல்யாணம் இருக்கு. அத எதுக்கு நீ இன்னிக்கே முடிச்சு வெக்கணும்?"

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம், தொடர்களையும் நாடகங்களையும் பற்றி நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் இது இல்லை. பாத்திரங்கள் ஏன் கேட்டுத் தொலைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். முட்டாள்கள் என்றே எழுதியிருக்கிறேன். அண்டாவுக்குள் இருந்த மனிதருக்கு மனைவியிடம் கேட்கத் தெரியாமலா போயிற்று? கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அண்டாவுக்குள் இருக்கும்வரை அவருக்கு மனைவி உண்டு. அந்தப் பயத்தை மட்டும் உண்மையாக எழுதிவிட்டால், தலையில் அண்டாவும் போடலாம், தொட்டியும் போடலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அன்று நினைத்தேன்.

நினைத்தது நல்லதாகப் போயிற்று. சனிக்கிழமை காலையில் சித்தப்பா வந்தார், கதவு தட்டாமல், ஒரு திட்டத்தோடு.

"அண்ணி, கேக்க ஆள் இருந்தாத்தானே அவங்க சொல்ல முடியும்? வீட்டப் பூட்டிட்டு இருந்துருங்க. வருவாங்க, பாப்பாங்க, போயிருவாங்க. சொல்லாத பேச்சு சொல்லாததுதான்."

"எங்க போய் இருக்கறது?"

"எங்கயும் போக வேணாம். உள்ளயே இருங்க. நான் வாசல் கேட்ட வெளியே பூட்டிட்டு, அண்ணன் காடிய எடுத்துக்கிட்டுப் போயிர்றேன். காடியும் இல்ல, பூட்டும் தொங்குது. யாரு நம்ப மாட்டாங்க?"

"டேய், இது டிவியில வர்ற மாரி இருக்குடா," என்றார் அப்பா.

"டிவியில வேல செய்யுதில்ல அண்ணே? அப்ப செய்யும்."

அம்மா சிரித்துவிட்டு மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அம்மா வாசலைப் பார்த்தார். வலது பக்கம் சீன அம்மா, எதிரே இரண்டு வீடு, எல்லாருக்கும் அவர்கள் முன்பு வந்துபோனது தெரியும். "வேணாம்னு சொல்லிட்டுப் போற மொகத்த இந்த வரிசையே பாக்கணுமா?" என்றார். அக்கா சமையலறை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திட்டத்தில் என் பங்கும் உண்டு. அது நம்பும்படி இல்லை என்று எனக்குப் பட்டது. அதை நம்பும்படி செய்வதுதானே என் படிப்பு? வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் உள்ளே எடுக்கச் சொன்னேன். அம்மா கார் நிறுத்தும் இடத்துக் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனபோது தடுத்தேன். "எடுக்கக் கூடாதும்மா. ஆள் இல்லாத வீட்ல துணி அப்படியேதான் தொங்கும். அதான் யதார்த்தம்." அம்மாவின் நீலச் சேலை கேட்டுக்குப் பக்கத்தில், கொடியின் ஓரத்தில் தொங்கியது.

மதியத்துக்கு மேல் சித்தப்பா கேட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்தோம். புதிதாகத் துவைத்த திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. நாலைந்து கார்கள் எங்களுக்காக இல்லாமல் போயின. பிறகு ஒன்று நின்றது.

அம்மா திரையின் ஓரத்தை விரலால் விலக்கினார். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அக்கா விரும்பியவரின் அப்பா, அம்மா, கடைசியில் அவர். அவர் காட்டிலிருந்து நேராக வந்திருந்தார், காலணியெல்லாம் மண். மூவரும் பூட்டைப் பார்த்தார்கள். அழைப்பு மணி அடித்தது. குனோங் ராபாட்டில் மலையோரம் எப்போதும் அந்நேரத்துக்கு வருவதுபோல் மழையும் வந்தது, முதலில் பொட்டுப் பொட்டாக, பிறகு சாய்வாக.

"போறாங்களா?" அப்பா கிசுகிசுத்தார்.

"இல்ல. கொட விரிக்கறாங்க."

அந்த அம்மா குடையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு குடையை எடுத்தார். விரிக்கவில்லை. வளைந்த பிடியைக் கேட்டின் கம்பிகளுக்கு இடையில் நுழைத்து எதையோ எட்டிப் பிடிக்கப் பார்த்தார். "ஐயோ, அதுகளின்ர உடுப்பெல்லாம் நனையுது," என்ற குரல் மழையில் கேட்டது. பிடி நீலச் சேலையில் மாட்டியது. இழுத்தார். சேலை கொடியிலிருந்து நழுவி, கம்பி வழியாக அவர் கைக்குப் போனது. அதைச் சுருட்டி நனையாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"ஏங்க," என்றார் அம்மா, குரலை அடக்க மறந்து. "வேணாம்னு சொல்ல வந்தவங்க எதுக்கு என் சேலைய எடுக்கறாங்க?"

அப்பா வந்து பார்த்தார். அப்போதுதான் கார்க் கதவு திறந்தது. மகன் உள்ளிருந்து தட்டு ஒன்றை எடுத்துத் தன் அப்பாவின் குடைக்குள் நீட்டினார். பிறகு இன்னொன்று. பழம், வெற்றிலை, ஏதோ சிவப்பாகப் பட்டு. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சமையலறையிலிருந்து அக்கா எழுந்து வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"சாவி!" என்றார் அப்பா. "டேய், உங்க சித்தப்பனுக்குப் போன் போடு. ஓடி வரச் சொல்லு!"

ஆக, கடைசியில் நான் அந்த ஒரு போனைப் போட்டேன். குளிர்பெட்டியின் மேலிருந்து உறுமி மேளம் முழங்கியது. சித்தப்பா தன் கைப்பேசியை அங்கே சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அழைப்பொலியாக அவர் வைத்திருந்தது தைப்பூசத்தில் காவடிக்கு அடிக்கிற அடி. அவசரத்தில் நிறுத்தும் இடத்தில் என் விரல் படவில்லை. இருட்டிய, பூட்டிய, ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து ஒரு முழுச் செட்டு உறுமி வரிசை வீட்டுச் சுவரெல்லாம் அதிர அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே மூன்று தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன.

அக்கா யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்தார். மழையில் இறங்கி நேராகக் கேட்டுக்குப் போனார்.

"பிள்ளை! நீங்கள் வீட்டிலதான் நிக்கிறியளோ?" என்றார் அந்த அம்மா, சேலையை அணைத்தபடியே.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரமாக எங்களில் ஒருவராலும் கேட்கமுடியாததைக் கேட்டார். "ஆன்ட்டி, நீங்க வேணாம்னு சொல்லத்தானே வந்தீங்க?"

"ஆர் சொன்னது?"

"நீங்கதான். ஆறுதலாப் பேசணும்னு…"

"ஓம், ஆறுதலாத்தான். அவசரப்படாமல் இருந்து, தேத்தண்ணி குடிச்சு, நாள் பாத்து… போன முறை அந்தரப்பட்டு வந்திட்டுப் போனனாங்கள், அது சரியில்லை எண்டுதான்." அவர் சொல்லச் சொல்லவே அவர் முகத்தில் ஏதோ புரிந்துகொண்டு வந்தது. "நீங்கள் ஆறுதலெண்டா என்ன எண்டு நினைச்சனீங்கள்?"

"யோசிக்க வேண்டாம்னும் சொன்னீங்க," என்றார் அம்மா. அவரும் இப்போது வெளியே வந்து மழையில் நின்றார்.

"கவலைப்பட வேண்டாமெண்டு சொன்னனான், தங்கச்சி!"

"சாப்பாடு வேணாம்னீங்க?"

"நீங்கள் கஷ்டப்படக் கூடாதெண்டு நானே சமைச்சுக் கொண்டந்திருக்கிறன். காருக்கை கிடக்கு. ஆறப்போகுது."

அக்கா மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். "நானும் அதே முடிவுன்னீங்க. என்ன முடிவுன்னு போட்டீங்களா?"

"கல்யாணம்தான்லா!" அவர் மண் காலணியோடு ஓரடி பின்னால் போனார். "வேற என்ன முடிவு இருக்கு?"

"போடணும்லா!" என்றார் அக்கா. அழுதாரா, மழையா என்று தெரியவில்லை. சிரித்தது மட்டும் நிச்சயம், ஏனென்றால் அதற்குப் பிறகு அவரால் நிறுத்தமுடியவில்லை.

பின்னால் மாப்பிள்ளை எங்களுக்குச் சொன்னார்: அவர் அம்மா வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். எங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பினால் தூரமாக இருக்குமே என்று யோசித்து, மரியாதைக்காகத் தமிழில் அனுப்பியிருக்கிறார். ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தால் நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பேன். சொந்த மொழியாகப் போனதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா அதுவரை இரண்டு தட்டுகளையும் குடைக்குள் சமநிலையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்டருகே வந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமையில ஒரு பகிடி நாடகம் போகுதெல்லோ? நாங்களும் பாக்கிறனாங்கள். உப்பிடி ஆரும் செய்வினமோ, சும்மா கதை விடுறாங்கள் எண்டு நான் இவவோட நெடுகச் சண்டை."

"நானும் அதேதான் சொல்லுவேன் அங்கிள்," என்றேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு யதார்த்தவாதி, இந்தப் பக்கம் ஒரு யதார்த்தவாதி. இருவரும் நனைந்துகொண்டு நின்றோம்.

சாவி ஆயர் தாவார் போயிருந்தது. சும்மா எதற்குச் சுற்றவேண்டும் என்று சித்தப்பா தன் வீட்டுக்கே போய்விட்டதை அவர் வீட்டுக்குப் போன் போட்டு அறிந்தோம். கிளம்பினாலும் ஒன்றரை மணி நேரம். அதனால் சம்பந்தம் கேட்டின் வழியாகவே நடந்தது. தட்டுகள் கம்பிக்குள் நுழையவில்லை. அப்பா ஏணி வைத்து ஏறி மேலாக வாங்கினார். வெற்றிலை மட்டும் கம்பி இடுக்கில் கைமாறியது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து தன் கூரைக்குக் கீழே போட்டு விருந்தாளிகளை உட்காரவைத்தார். தானும் ஒன்றில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். எந்த வரிசைக்குத் தெரியக் கூடாது என்று அம்மா பயந்தாரோ, அந்த வரிசை முழுக்கச் சாட்சியாக நின்று நாள் குறித்தது. சாப்பாட்டுத் தூக்கும் ஏணி வழியாகத்தான் வந்தது. கத்திரிக்காய்க் குழம்பை ருசி பார்த்த அம்மா, "கை நனச்சாச்சு சம்பந்தி!" என்று கேட்டுக்கு வெளியே கத்தினார். அந்தப் பக்கம் அது என்ன வழக்கம் என்று விளங்காமல், "ஓம், இஞ்சையும் எல்லாரும் நனைஞ்சிட்டம்!" என்று பதில் வந்தது.

பூட்டு வெட்டுகிறவர் ஒருவரை மாப்பிள்ளை போன் போட்டு வரவழைத்தார். வந்த சீனக் கிழவர் கேட்டுக்கு உள்ளே நின்ற நான்கு பேரையும் வெளியே நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் உள்ளே, பூட்டு வெளியேவா என்று மலாயில் கேட்டார். ஒருவரும் விளக்கவில்லை. எப்படி விளக்குவது? பொறி பறக்க வெட்டினார். பூட்டு கீழே விழுந்த நேரத்தில் எங்கள் காடி வந்து நின்றது. சித்தப்பா சாவியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இறங்கினார்.

"அண்ணே! நல்ல பூட்டுண்ணே! ஏன் வெட்டினீங்க?"

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொடரைப் பார்க்கிறோம், சில வாரம் இரண்டு குடும்பமுமாக. அடுப்படியைப் பற்றி அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. புதுச் சம்பந்தியும் அதில் அவர் கட்சி. பவர் இல்லாத கண்ணாடியைக் கண்டால் அக்காவுக்கு இன்னும் கோபம் வருகிறது. நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் அப்பா சித்தப்பாவைப் பார்ப்பார், சித்தப்பா குளிர்பெட்டியின் மேலே பார்ப்பார்.

அன்று பூட்டுக்காரருக்குக் காசு கொடுக்கும்போது கடைசிச் சண்டை வந்தது. எங்கள் கேட், நாங்கள்தான் கொடுப்போம் என்றார் அப்பா. எங்கட ஆறுதலால வந்த செலவு என்று மாப்பிள்ளையின் அப்பா பணப்பையை எடுத்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தள்ள, கிழவர் பொறுமையிழந்து இரண்டு பேரிடமும் பாதிப் பாதி வாங்கிக்கொண்டு போனார். வெட்டுவதற்கு அறுபது ரிங்கிட், அவரே விற்ற புதுப் பூட்டுக்கு முப்பத்தைந்து. இரு வீட்டாரும் சேர்ந்து செய்த முதல் கல்யாணச் செலவு, தொண்ணூற்றைந்து வெள்ளி.